தொட்டிக்குள் நின்ற அறை

கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையத்துக்குப் பின்பக்கம், பதினான்கு வீடுகள் மட்டுமே உள்ள ஒரு முட்டு வீதியில், இடிபாடு போடுவதற்குப் பூவாத்தாள் வாடகைக்கு எடுத்த இரும்புத் தொட்டி வந்து இறங்கியது ஒரு வியாழக்கிழமை காலையில். லாரி பின்பக்கமாகவே வீதிக்குள் நுழைந்து, முதுகைத் தூக்கி, சங்கிலியை மெல்ல மெல்ல விட, தொட்டி தன் சின்ன இரும்புச் சக்கரங்களில் உருண்டு, கீழே போட்டிருந்த பலகைகளின் மேல் கனமாக உட்கார்ந்தபோது, வீதி முழுக்க ஜன்னல் கண்ணாடிகள் ஒருமுறை நடுங்கி அடங்கின.

மூன்று அளவில் தொட்டி இருக்கிறது என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். ஒரு அறையை இடித்து வருகிற கல்லும் மண்ணும், பரணில் இருந்து இறக்குகிற பழைய சாமான்களும் என்றால் சின்னது பத்தாது, பெரியது அந்த வீதிக்குள் திரும்பாது, நடுத்தரம்தான் சரி. பன்னிரண்டு அடி நீளம், ஏழடி அகலம், ஓர் ஆளின் மார்பு உயரம். ஏழு நாள் வைத்துக்கொள்ளலாம். லாரி ஓட்டி வந்த காஜா மொய்தீன் கையெழுத்து வாங்கிக்கொண்டு விதிகளைச் சொன்னார்: சாப்பாட்டுக் கழிவு போடக்கூடாது, பெயிண்ட் டப்பாவும் பழைய பேட்டரியும் போடக்கூடாது, எல்லாவற்றையும் விட முக்கியம், விளிம்புக்கு மேலே ஒரு செங்கல்கூட நிற்கக்கூடாது, நின்றால் வண்டி எடுக்காது. பூவாத்தாள் எல்லாவற்றுக்கும் சரிங்க என்றாள்.

இடிக்க வேண்டியது வீட்டின் பின்னறை. மகள் நித்யகலா முதல் பிரசவத்துக்கு வரப் போகிறாள், அவளும் குழந்தையும் புழங்க, குளியலறை சேர்ந்தாற்போல் பெரிதாக ஓர் அறை கட்ட வேண்டும் என்பதுதான் திட்டம். பின்னறை பத்தடிக்கு ஆறடி. சிமெண்ட் ஷீட் கூரை. கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். வேப்பம்பலகைக் கதவு, அதற்கு வெளிப்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள். பூவாத்தாளின் கணவர் பொன்னுரங்கம் தன் பட்டறையில் தானே கடைந்து செய்தது, ஒன்றரை அடி நீளம், ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். அந்த அறைக்குள் பூவாத்தாளின் தம்பி நாச்சிமுத்து பதினொரு வருசம் இருந்தான். தாழ்ப்பாள் போட்டே இருந்தது. வீதிக்கு அது தெரியும்.

நாச்சிமுத்து ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். ஓடுகிற மெஷின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, எந்த பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவான். அவன் சொன்ன நாளுக்கு முன்னேயோ பின்னேயோ அது போனதில்லை என்று மில்லில் பேச்சு. அவனுடைய முப்பத்தொன்றாம் வயதில் மில்லை மூடினார்கள். மூடிய பிறகும் அவன் காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நடந்தான், ஒருமுறை பாலக்காடு வரைக்கும். ஒருமுறை யாரோ ஒருவரின் பட்டறைக்குள் புகுந்து மோட்டார்களைக் கழற்றி வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, அடி வாங்கி, தலையில் ஒன்பது தையலோடு வந்தான். மாத்திரை போட்டால் நாளெல்லாம் தூங்கினான், போடாவிட்டால் நடந்தான். அம்மா போகும்போது அவன் கையைப் பூவாத்தாளின் கையில் பிடித்து வைத்துவிட்டுப் போனாள். முதலில் இரவுக்கு மட்டும் தாழ் போட்டார்கள். பிறகு விருந்தாளி வந்தால் போட்டார்கள். பிறகு நித்யகலா பத்தாவது பரீட்சைக்குப் படித்த ஒரு மாதம் முழுக்கப் போட்டார்கள். அந்த மாதம் முடிந்தபோது, திறந்து வைப்பதற்கு ஒரு காரணம் யாருக்கும் தோன்றவில்லை. சாப்பாடு போனது, துணி வெளுத்துப் போனது, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் போனது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அவன் கூப்பிட ஆரம்பிப்பான், அப்போது வீதியில் டிவிகளின் சத்தம் கொஞ்சம் கூடும். அப்படியே பதினொரு வருசம். நாலு வருசத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் அவன் செத்துப் போனான். என் மடியில்தான் உயிர் போச்சு என்று பூவாத்தாள் சொன்னாள். வந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மேஸ்திரி மாரப்பனும் இரண்டு ஆட்களும் வந்து ஒரே நாளில் பின்னறையை இடித்து, கல், காரை, ஜன்னல், ஷீட், கதவு எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டி, விளிம்புக்கு ஒரு சாண் கீழே நிரவி விட்டுப் போனார்கள். மறுநாள் பகல் ஒரு மணிக்கு, ஆட்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வீதிக்கு வந்தபோது, தொட்டிக்குள் பின்னறை நின்றுகொண்டிருந்தது. அதே நீலச் சுண்ணாம்பு. அதே ஜன்னல். மேலே அதே ஷீட், மூலையில் தேங்காய் விழுந்து விட்ட அதே விரிசலோடு. ஒரு மாற்றம்தான்: வீட்டில் இருந்தவரைக்கும் கொல்லையைப் பார்த்திருந்த கதவு இப்போது தொட்டியின் விளிம்புக்கு மேலே வீதியைப் பார்த்திருந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தது.

மாரப்பன் ஒரு பீடி பிடித்து முடிக்கும்வரை அதைப் பார்த்தார். அப்புறம், மறுபடியும் இடிக்க வேண்டுமா என்று பூவாத்தாளைக் கேட்டார். இடிக்கச் சொன்னாள். மூன்று மணி நேரம் இடித்தார்கள். ஆட்கள் டீ குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைக்கும் நேரத்துக்குள் அது திரும்ப நின்றது, ஒரு செங்கல் இடம் மாறவில்லை. மாரப்பன் கடப்பாரையைத் துடைத்து வண்டியில் வைத்துக்கொண்டு, இந்த வேலை தன் கையில் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, சரவணம்பட்டியில் ஒத்துக்கொண்ட வேறு வேலைக்குப் போய்விட்டார்.

வீதியில் அதைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு, பள்ளிக்கூட வேன் எப்படித் திரும்பும் என்பதுதான். வேன் டிரைவர் திங்கட்கிழமை ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை வார்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து நாலு பக்கமும் அளந்து, தற்காலிகக் கட்டுமானம் என்று எழுதிக்கொண்டு, சக்கரம் இருப்பதால் இது கட்டடமா வண்டியா என்று மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். யாரோ கதவுக்கு முன்னால் செங்கல் அடுக்கிப் படி வைத்து, ஏறி நிலையில் வேப்பிலை செருகினார்கள். மாவு மில் வைத்திருந்த மரகதம், மதியத்துக்கு மேல் அதன் நிழல் தன் மில் வாசலுக்கு வருவதைக் கண்டு, மிளகாய் காயப்போட்ட பெண்களை அங்கே உட்காரச் சொன்னாள். இஸ்திரி வண்டிக்காரர் சடையப்பன் வண்டியை அந்தச் சுவரை ஒட்டியே நிறுத்திக்கொண்டார், இருபது வருசமாக அவருக்கு அந்த வீதியில் கிடைக்காத நிழல் அது. ஜன்னல் கம்பியில் பால்காரர் பையை மாட்டினார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற சென்னியப்பன் காலையில் பேப்பர் படிக்க நாற்காலியைக் கொண்டுவந்து அந்தச் சுவரில் சாய்த்துப் போட்டார். இப்படியாக ஒரு வாரம் ஆவதற்குள்ளேயே, கல்யாணம் ஆகி வந்த மருமகளைப் போல அந்த அறை வீதிக்குப் பழகிவிட்டது. எல்லோரும் அதன் வெளிப்பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். தாழ்ப்பாளை மட்டும் யாரும் தொடவில்லை.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆனாலும் சாயங்காலம் நாலு மணி ஆனதும், முதலில் சென்னியப்பன் வீட்டிலும் பிறகு எதிர்வீட்டிலும் பிறகு வீதி முழுக்கவும் டிவிகளின் சத்தம் கூடியது. ஏன் கூட்டினோம் என்று யாரும் யோசிக்கவில்லை. பூவாத்தாள் சமையல்கட்டில் நின்று அதைக் கேட்டாள்.

ஏழாம் நாள் காஜா மொய்தீன் வண்டியோடு வந்தார். அறையைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, விளிம்புக்கு மேலே ஏழடி நிற்கிறதே என்று மட்டும் சொன்னார். இருந்தாலும் வந்ததற்குச் சங்கிலியை மாட்டி இழுத்தார். லாரியின் முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின, தொட்டி அசையவில்லை. மறுநாள் இன்னொரு வண்டியும் சேர்ந்து இழுத்தது. இரண்டு சங்கிலி அறுந்தபிறகு, கம்பெனியில் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி அவர் போனார்.

நித்யகலா சொன்ன தேதிக்கு மூன்று நாள் முன்னதாகவே திருப்பூரிலிருந்து காரில் வந்து இறங்கினாள். எட்டு மாதம் முடிந்திருந்தது. பூவாத்தாள் ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்தாள். நித்யகலா வாசல் பக்கம் திரும்பவில்லை. தொட்டியையும், அறையையும், அதன் மேல் சாய்ந்த நாற்காலியையும், கம்பியில் தொங்கிய பால் பையையும், கதவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"யாராச்சும் திறந்து பார்த்தீங்களா?" என்றாள்.

இல்லை என்று பூவாத்தாள் சொன்னாள். உள்ளே ஒன்றுமில்லை கண்ணு, இடிக்கும்போது காலி அறைதான் இடித்தோம் என்றாள்.

"அப்புறம் எதுக்குத் தாழ் போட்டிருக்குது?"

நித்யகலா சென்னியப்பனின் நாற்காலியை இழுத்து, நிழலில் அல்ல, கதவுக்கு நேராக வெயிலில் போட்டு உட்கார்ந்தாள். அது திறக்கிற வரைக்கும் வீட்டுக்குள் வரமாட்டேன் என்று சாதாரணமாகத்தான் சொன்னாள், தண்ணீர் வேண்டாம் என்று சொல்வதைப்போல. பதினைந்து வயதில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மாமா விடையைச் சொன்னதையும், அதை அம்மாவிடம் சொன்னதும் மேஜையை முன்கூடத்துக்கு மாற்றிவிட்டதையும் அவள் மறந்திருக்கவில்லை. ஆரத்தியில் கற்பூரம் கரைந்து அணைந்தது. மரகதம் ஒரு குடை கொண்டுவந்து கொடுத்தாள். சடையப்பன் துணி நனைத்துக் கொடுத்தார். எந்த வீட்டுக் கதவும் மூடவில்லை, யாரும் வெளியே வந்து நிற்கவும் இல்லை. அப்படி ஒன்றரை மணி நேரம் போனது.

பொன்னுரங்கம் எண்ணெய்க் கேனும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் பேச்சு குறைந்த மனிதர். பட்டறையை விற்ற பிறகு இன்னும் குறைந்துவிட்டது. "நாந்தானே செஞ்சு மாட்டுனேன். நானே கழட்டறேன்," என்றார்.

"செஞ்சது நீங்க. தினமும் போட்டது நானு," என்று சொல்லி, பூவாத்தாள் செங்கல் அடுக்கிய படியில் ஏறினாள்.

தாழ்ப்பாள் எண்ணெய் இல்லாமலே நகர்ந்தது. உள்ளே காலியாகத்தான் இருந்தது. தரையில் பாய் கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. பின்சுவரில், நிற்கிறவனின் தோள் உயரத்தில், ஓர் உள்ளங்கை அளவுக்குச் சுண்ணாம்பு தேய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, செங்கல் தெரிந்தது. அறை வீட்டில் இருந்தவரைக்கும் அந்தச் சுவருக்கு மறுபக்கம் அவளுடைய சமையல்கட்டு இருந்தது. கிரைண்டர் பெல்ட் செவ்வாய்க்கிழமை போகும் அக்கா என்று அவன் உள்ளேயிருந்து சொல்லி, செவ்வாய்க்கிழமை அது போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் சிரித்திருந்தாள்.

திரும்பி வந்து நிலையில் நின்று, கதவைச் சாத்தி வெளியே தாழ் போடச் சொன்னாள். ஐந்து மணிக்குத் திறந்தால் போதும், நடுவில் தான் கூப்பிட்டாலும் தட்டினாலும் திறக்க வேண்டாம் என்றாள். பொன்னுரங்கம் மகளைப் பார்த்தார். நித்யகலா தலையை ஆட்டினாள். அவர் தாழைப் போட்டார். அப்போது மணி பதினொன்று. மகள் எழுந்து வீட்டுக்குள் போனாள்.

உள்ளே பூவாத்தாள் முதலில் உட்கார்ந்தாள், பிறகு நின்றாள், பிறகு அவன் கை வைத்த இடத்தில் தன் கையை வைத்தாள். கண் பழகியது போலக் காதும் பழகியது. சடையப்பனின் இஸ்திரிப் பெட்டியில் கரி நகர்வது கேட்டது. மாவு மில்லின் பட்டை ஒரு இடத்தில் மட்டும் தடுக்குவது கேட்டது. மூன்று வீடு தள்ளி யாரோ ஸ்பூனைக் கீழே வைப்பது கேட்டது. வீதியில் இரண்டு பேர் சாதாரணக் குரலில், பூவக்காவுக்கு ஏன் இந்த வேலை என்று பேசிக்கொண்டு போனது, காதுக்குள் சொன்னது போலக் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த அறைக்குள் எல்லாம் கேட்கும். மூடிய கதவு அவன் குரலை வீட்டுக்கு மறைத்ததே தவிர, வீட்டின் குரலை அவனுக்கு மறைக்கவில்லை. நித்யகலாவுக்கு முதல் வரன் வந்தபோது, பின்னாடி என்ன அறை என்று போனில் அவர்கள் கேட்க, அது ஸ்டோர் ரூமுங்க, பழைய சாமான் கிடக்குது என்று சமையல்கட்டில் நின்று தான் சொன்னதை அவன் கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவன் கூப்பிடவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று அவள் நினைத்துக் கஞ்சி வைத்துக் கொடுத்திருந்தாள்.

நாலு மணிக்கு டிவிகளின் சத்தம் கூடியது. அது உள்ளே வந்த விதத்தை அவள் பிறகு யாரிடமும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு வீடும் ஒரு பலகையை எடுத்துவந்து அறையின் மேல் சாத்துவது போல இருந்தது என்று மட்டும் சொன்னாள். அவள் கை தானாகக் கதவைத் தட்டியது. ஒருமுறை. பிறகு நிறுத்தாமல். தட்டத் தட்ட வீதியில் சத்தம் இன்னும் கொஞ்சம் கூடியது, ஏனென்றால் டிவியைக் கூட்டுகிற கைகளுக்கும் அது பதினொரு வருசப் பழக்கம்.

ஐந்து ஆவதற்கு முன்பே தாழ் நகர்ந்தது. கதவைத் திறந்து நின்றது பொன்னுரங்கம் இல்லை, சடையப்பன். அவர் கையில் இன்னும் இஸ்திரித் துணி இருந்தது. நீங்கள் திறக்க வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள், என்னால் முடியவில்லை என்றார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கும் இப்படித்தானுங்க தட்டுனாரு," என்றார். "காலைல ஏழு மணில இருந்து. பதினோரு மணி வரைக்கும் தட்டுனாருங்க."

"என்னைக்கு?" என்றாள் பூவாத்தாள்.

"நீங்க அவினாசிக்குக் கல்யாணத்துக்குப் போன அன்னைக்குங்க."

வீதியில் யாரோ ஒரு டிவியை அணைத்தார்கள். பிறகு அடுத்த வீட்டில். மாவு மில்லும் நின்றது. பூவாத்தாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காய்ச்சலில் கிடந்தவனை உள்ளே வைத்துத் தாழ் போட்டுவிட்டு, விடிவதற்கு முன் பஸ் பிடித்துக் கணவரின் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, பொழுது சாயும்போது வந்து கதவைத் திறந்தவள் அவள். அவன் கதவோரத்தில் கிடந்தான். தூக்கத்திலேயே போய்விட்டான், ஒன்றும் அறிந்திருக்க மாட்டான் என்று நாலு வருசமாகத் தனக்குத் தானே சொல்லி, அதை நம்பியும் விட்டிருந்தாள். மடி என்பது ஊருக்குச் சொன்னது. தூக்கம் என்பது தனக்குச் சொன்னது. இப்போது இரண்டும் இல்லை.

"என் மடியில சாகலை," என்று அவள் வீதியைப் பார்த்துச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் பதினான்கு வீட்டுக்கும் கேட்டது. "நான் ஊர்லயே இல்லை. தாழ் போட்டுட்டுப் போயிட்டேன்."

யாரும் அவளைத் தேற்ற வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து மரகதம் மில்லுக்குள் இருந்து வந்து, அன்றைக்குத் தானும் கேட்டதாகவும், மில்லை அரை மணி முன்னதாகவே ஓடவிட்டதாகவும் சொன்னாள். அரைக்க ஒன்றும் இல்லை, வெறும் மில்லை ஓடவிட்டேன் என்றாள்.

மறுநாள் பத்து மணிக்குச் சடையப்பன் வண்டியைப் பூட்டி வைத்துவிட்டு, தொட்டியின் படியேறி உள்ளே போய், வெளியே தாழ் போடச் சொன்னார். அதற்கு அடுத்த நாள் மரகதம். அதற்கு அடுத்த நாள் சென்னியப்பன். அவர் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கும் போலீஸுக்கும் ஒரு மொட்டைக் கடிதம் எழுதி, தபால்பெட்டி வரைக்கும் கொண்டுபோய், தன் கையெழுத்து தபாலாபீசில் எல்லோருக்கும் தெரியுமே என்று கிழித்துப் போட்டதாக வெளியே வந்து சொன்னார். இந்த முறையை யாரும் பேசி வைக்கவில்லை, பட்டியலும் எழுதவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வீடு. காலையில் ஒருவர் உள்ளே போவார், இன்னொரு வீட்டுக்காரர் தாழ் போடுவார், சாயங்காலம் திறப்பார். உள்ளே போனவர் வெளியே வந்து ஏதாவது சொன்னால் நின்று கேட்டார்கள். சொல்லாவிட்டால் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். பொன்னுரங்கத்தின் நாளில், உள்ளே அவர் அழுதது வெளியே கேட்டது. கொஞ்ச நாள் முன்பு குடிவந்த, நாச்சிமுத்துவைப் பார்த்தே இராத வாடகைக்காரப் புருசனும் பெண்டாட்டியும்கூடப் போய் உட்கார்ந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் நாலு மணிக்கு வீதி அமைதியாக இருந்தது. பத்தாம் நாள் நித்யகலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முன்கூடத்திலேயே தொட்டில் கட்டினார்கள், பின்னால் இடித்த இடம் இன்னும் வெறும் மண்ணாகக் கிடந்தது.

பதினான்கு வீடும் முடிந்த மறுநாள் காஜா மொய்தீன் வந்தார். கம்பெனியில் அந்தத் தொட்டியைத் தொலைந்ததாக எழுதிவிடலாமா என்று யோசிப்பதாகவும், கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொன்னதாகவும் சொன்னார். அறை அப்படியேதான் நின்றது, விளிம்புக்கு மேலே ஏழடி. நடந்ததைப் பூவாத்தாள் அவரிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, இன்ஜின் சூடு ஆறட்டும் என்று சொல்லி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் தனியாக இருந்தார். வெளியே வந்து போனை எடுத்து, ஓரமாக நின்று, வீட்டில் யாரிடமோ மெதுவாகப் பேசினார். அத்தாவை அறையிலிருந்து கூட்டிவந்து இன்றைக்கு வாசலில் உட்கார வை என்று தன் அப்பாவைப் பற்றிச் சொன்னது மட்டும் பூவாத்தாள் காதில் விழுந்தது.

விளிம்புக்கு மேலே இருக்கிறதே என்று பூவாத்தாள் நினைவூட்டினாள்.

"அது ஓனரோட ரூலுங்க. வண்டி ஓட்டறது நானு," என்று சொல்லி அவர் சங்கிலியை மாட்டினார்.

தொட்டி, காலி டப்பா ஏறுவது போல ஏறியது. பூவாத்தாள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, தானும் வருவேன் என்று லாரியின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். வீதி முழுக்க வெளியே வந்து நின்றது. யாரும் கும்பிடவில்லை, கையசைக்கவும் இல்லை. சென்னியப்பன் மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பட்டப்பகலில், நீலச் சுவரும் ஜன்னலும் கதவுமாக ஓர் அறை லாரியின் முதுகில் அவினாசி ரோட்டைக் கடந்து போனது. சிக்னலில் நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்தார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் உயரத்தைக் கண்ணால் அளந்து, மேலே போன கேபிளை ஒரு கம்பால் தூக்கிப் பிடித்து வழி விட்டார்.

இடிபாடு கொட்டுகிற இடம் ஊருக்குத் தெற்கே, கைவிட்ட ஒரு கல்குவாரி. அங்கே காவலுக்கு ஒருவர் இருந்தார், தர்மபுரிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், நாலு கம்பு நட்டு மேலே பழைய பிளக்ஸ் பேனரை விரித்துக் கட்டி அதற்குக் கீழே குடியிருந்தார். காஜா மொய்தீன் லாரியைத் திருப்பித் தொட்டியை மேலே தூக்கினார். பின்கதவு திறந்ததும் அறை சரிந்து, புழுதி எழுந்து, கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. புழுதி அடங்கியபோது அது நேராகத் தரையில் நின்றது. கதவு தானாகத் திறந்து கிடந்தது.

காவல்காரர் வந்து சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டினார், கூரையை அண்ணாந்து பார்த்தார். இதை உடைக்காமல் விட்டால் தான் இருந்துகொள்ளலாமா என்று கேட்டார். மழைக்காலத்தில் பேனர் தாங்குவதில்லை என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "இதுல யாருங்க இருந்தாங்க?" என்றார்.

"என் தம்பி. நாச்சிமுத்துன்னு பேரு. மில்லுல ஃபிட்டர்," என்றாள் பூவாத்தாள். "மெஷின் மேல கைய வெச்சா அதுக்கு என்ன நோவுன்னு சொல்லிருவான். அவனைப் பதினோரு வருசம் இதுக்குள்ள வெச்சு நாங்க தாழ் போட்டிருந்தோம். இதுக்குள்ளயேதான் செத்தான்."

காவல்காரர் அவளை நேராகப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார், அதில் தொங்கிய தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"அறை இருக்கட்டுங்க. கதவு வேண்டாம்," என்றார்.

லாரியிலிருந்து ஸ்பேனர் வாங்கி அவரே கீல்களைக் கழற்றினார். நேரம் பிடித்தது, நாலாவது கீல் துருவேறி இறுகியிருந்தது, காஜா மொய்தீனும் ஒரு கை பிடித்தார். பூவாத்தாள் உதவிக்குப் போகவில்லை. கிட்டே நின்று ஒவ்வொரு திருகும் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேப்பம்பலகை கனமாக இருந்தது. இரண்டு பேரும் அதைத் தூக்கி வந்து, இரண்டு பக்கமும் கருங்கல் வைத்து, அறைக்கு முன்னால் பெஞ்சு போலப் படுக்கவைத்தார்கள். ஆடாமல் இருக்கிறதா என்று காவல்காரர் முழங்காலை ஊன்றி அழுத்திப் பார்த்தார். மேலே இருந்த புழுதியைத் தன் துண்டால் தட்டினார்.

"ரொம்ப நேரமா வெயில்ல நிக்கறீங்க," என்றார். "உக்காருங்க."

பூவாத்தாள் அதன் மேல் உட்கார்ந்தாள். காஜா மொய்தீன் லாரியின் இன்ஜினை நிறுத்தினார்.